பவுடர் பக்கம்

காதர்பேட்டைக்குப் பனியன் வாங்க வருகிற வெளியூர் வியாபாரி, பண்டலைப் பிரித்ததும் முதலில் ஒரு பெருமூச்சு விடுவான். விலை கேட்பதெல்லாம் அப்புறம். ஒரு பீஸை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வீட்டில் துக்கம் நடந்துவிட்ட மாதிரி மூச்சை இறக்குவான். "ஊசிக்கோடு ஓடியிருக்குதே பாய்" என்று, பின்னலில் ஊசி பிசகி விழுகிற கோட்டைச் சொல்வான். ஓடியிருக்காது. ஓடியிருந்தாலும், ஊருக்குப் போய் அதே பீஸை எக்ஸ்போர்ட் சரக்கு என்று சத்தியம் செய்து விற்கப்போகிறவன் அவன்தான். நஜீமுதீன் இந்த நாடகத்தைப் பார்த்தே வளர்ந்தவன். அவன் அத்தா அந்தத் தெருவில் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பையோடு கடைப்படியில் உட்கார்ந்துகொண்டே, பெருமூச்சின் நீளத்தைக் கேட்டு, ஆள் எவ்வளவு இறக்கப் பார்க்கிறான் என்று சொல்லிவிடுவான்.

ஆகவே, மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் ஏசி அறையில், அனுப்ரியா மேடம் நோட்டைத் திறந்து, ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நீளமாக மூச்சு விட்டபோது, அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மஹ்னூர் ரொம்ப நல்ல சைல்டுங்க சார். ஆனா..."

அந்த 'ஆனா'வும் அவனுக்குப் பழக்கமான 'ஆனா'தான்.

அறையில் யாரோ முட்டை பப்ஸ் தின்றிருந்தார்கள். அந்த வாடையை மூட மல்லிகை ஸ்பிரே அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து, கல்யாண மண்டபத்துக் குப்பைத்தொட்டி பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. மேஜைமேல் பாதியாகப் பிளந்த பிளாஸ்டிக் மூளை ஒன்று இருந்தது. பேசும்போதெல்லாம் மேடம் அதை நகத்தால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

"எழுத்தெல்லாம் திருப்பித் திருப்பி எழுதறா. பாருங்க, பி, எஸ், என்... ஒண்ணுமே நேரா இல்ல."

நஜீமுதீன் நோட்டைப் பார்த்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறிகள் வரிசையாக நின்றன. அடித்துப் போட்ட எழுத்துகளில் என்ன கோளாறு என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. அவன் கண்ணுக்கு அவை அச்சடித்த மாதிரி இருந்தன. ஆனால் சரக்கைப் பற்றித் தெரியாது என்று முகத்தில் காட்டுகிறவன் வியாபாரியாக இருக்க முடியாது. "ம்ம்" என்று தலையை ஆட்டினான்.

"உங்க ஊட்ல பேசற லேங்குவேஜ் வலதுலருந்து இடதுக்கு எழுதறதுதானுங்களே? பிரெய்ன் அங்கதான் கன்ஃப்யூஸ் ஆகுது."

"எங்க ஊட்ல தமிழ்தானுங்க மேடம் பேசறோம்."

"இல்லீங்க, உங்க... ஓதறதுக்கு அனுப்புவீங்கல்ல?"

"அனுப்பறமுங்க. அங்க இன்னும் எழுத ஆரம்பிக்கலீங்க. வாயில ஓதறதோட சரி."

"கேக்கறதே போதுங்க சார்." மூளை இன்னொரு சுற்றுச் சுற்றியது. "சைல்டு மைண்டு ஸ்பாஞ்சு மாதிரி."

நஜீமுதீன் மகளைத் திரும்பிப் பார்த்தான். பக்கத்து நாற்காலியில் மஹ்னூர் கால் எட்டாமல் ஆட்டிக்கொண்டு, தண்ணீர் பாட்டில் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். யூகேஜி முடிக்கப் போகிறாள். அவளுக்கு எதிரேயே அவளைப் பிரித்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மேடம் விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை எச்.எம். முன்னால் ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரை எழுதிக் காட்ட வேண்டும். நேராக எழுதவில்லையென்றால் ஒன்றாம் வகுப்பு கிடையாது; யூகேஜியிலேயே இன்னொரு வருஷம் உட்கார வேண்டியதுதான். அதற்கு வழி இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மேடம் நடத்துகிற சென்டரில் ஒரு பேக்கேஜ். அதில் சேர்ந்துவிட்டால் எச்.எம்.மிடம் அவரே பேசிக்கொள்வார்.

"ரேட் எவ்வளவுங்க?" என்றான் நஜீமுதீன்.

சொன்னார். அடுத்த நொடி அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அநியாயமுங்க மேடம். பொடிப் புள்ளைக்கு இவ்வளவா? எழுத்து மட்டுந்தானுங்க கோளாறு. படிப்பு, பாட்டு எல்லாம் நல்லாத்தான இருக்குது? பாதியில முடிங்க."

"பாதி முடியாதுங்க சார்."

"லைனிங் ரோட்ல ஒருத்தர் கேட்டாருங்க, இதவிடக் கம்மிக்கு." அப்படி யாரும் கேட்கவில்லை. அந்தச் சாலையில் அப்படி ஒரு சென்டரே இல்லை. ஆனால் இந்த வரி அவனை ஒரு நாளும் கைவிட்டதில்லை.

அன்றைக்கும் கைவிடவில்லை. மேடம் இறங்கினார். இன்னும் கொஞ்சம் இறங்கினார். பாதி விலையில் வந்து நின்றது. திங்கட்கிழமை அட்வான்ஸ் என்று பேசி முடித்துவிட்டு எழுந்தபோது, நஜீமுதீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான். மொத்தச் சரக்கையும் பாதி விலைக்கு அடித்துப் பிடித்தவனின் நடை.

வெளியே பெஞ்சில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். அவிநாசிப் பக்கம் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர், தொழிலில் பழக்கம். பக்கத்தில் மகன் முகிலன், ஷூ லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான்.

"என்னுங்க பாய், நீங்களுமா? எங்க பையன் கவனிக்க மாட்டேங்கறானாமா. ஜன்னலையே பாக்கறானாமா."

"ஜன்னல்ல என்னடா தங்கம் இருக்குது?" என்று நஜீமுதீன் பையனைக் கேட்டான்.

"அணில்" என்றான் முகிலன்.

"உள்ள கூப்புடறாங்க" என்று சென்னியப்பன் எழுந்துகொண்டார்.

ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வந்த மஹ்னூர், பழைய பஸ் ஸ்டாண்டு தாண்டுகிற வரை வாய் திறக்கவில்லை. அப்புறம் கேட்டாள்.

"அத்தா, நான் டேமேஜா?"

"என்ன கண்ணு?"

"டேமேஜ்தான பாதி வெலை? நம்ம ஊட்ல டேமேஜ் பீஸு எல்லாம் பாதி வெலைன்னுதான சொல்லுவீங்க. அந்த மிஸ்கிட்ட நீங்க பாதி வெலைன்னு சொன்னீங்க."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நஜீமுதீனுக்கு வாயில் உமிழ்நீர் சுரந்து கசந்தது. ஏசி அறையின் முட்டை வாடை மூக்குக்குள்ளேயே இருந்தது. அந்த அம்மா பெருமூச்சு விட்டது அவள் பிழைப்பு. அதற்குப் பதிலுக்கு ரேட் பேசியது யார்? பெற்ற பிள்ளையை மேஜைமேல் பிரித்துப் போட்டு, 'எழுத்து மட்டுந்தான் கோளாறு, மத்ததெல்லாம் நல்ல பீஸு' என்று கூவினானே, அந்த வாயை என்ன செய்வது? ஸ்கூட்டரை ஓரம் கட்டி, சாக்கடையில் காறித் துப்பினான். கசப்பு போகவில்லை.

"இல்ல தங்கம்" என்றான். அந்தக் குரல் அவனுக்கே நம்பிக்கையாக இல்லை. பிள்ளை திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பென்சிலைக் கொடுத்தான். மஹ்னூர் வாங்கிக்கொண்டு, அதை அலமாரிக்கு அடியில் உருட்டிவிட்டாள். இன்னொன்று கொடுத்தான். அதுவும் அங்கேயே போனது.

அவன் மனைவி சைதுன்னிசா, ஒரு ஹோசியரி கம்பெனியில் கணக்குப் பார்ப்பவள், இருட்டுகிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். கீழே அவனுடைய பிரிண்டிங் யூனிட், மேலே வீடு. அவள் வருகிற வரைக்கும் பிள்ளையின் ஹோம்வொர்க் அவன் பொறுப்பு. அவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. பாதி விலைக்கு முடித்ததைச் சொன்னதும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"போதுமுங்க. அதச் சொல்லாதீங்க, கொமட்டுது."

"எனக்கு மட்டும் இனிக்குதா?"

"ஓதப் போறதனாலங்கறாளா அவ? வெளங்கும். நாளைக்கு ஊட்ல பிரியாணி ஆக்கறதனாலம்பா." அவள் நோட்டை எடுத்துப் பார்த்தாள். "ஆனா திரும்பித்தானுங்க இருக்குது."

"எங்க?"

"எங்கயா? இந்த பி-யப் பாருங்க."

"பி-க்கு என்ன? நல்லாத்தான இருக்குது?"

சைதுன்னிசா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விளையாடுகிறானா என்று பார்த்த பார்வை. விளையாடவில்லை.

"ஏனுங்க, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வயிறு அந்தப் பக்கம் தள்ளிட்டு நிக்குதுங்க!"

அவன் நோட்டை வாங்கி, தூரம் தள்ளிப் பார்த்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சைதுன்னிசா ஒரு பேனாவை எடுத்து, ஓரத்தில் சரியான பி ஒன்றைப் போட்டாள். இரண்டையும் பார்த்தான். இரண்டும் பி. அவனைப் பொறுத்தவரை இரண்டுமே நேராகத்தான் நின்றன. அதில்தான் அவனுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மறுநாள் ஞாயிறு. காலையில் சைதுன்னிசா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சிலேட்டில் தமிழ் எழுதச் சொன்னாள். பென்சில் இல்லை, சாக்பீஸ்தான் என்பதால் மஹ்னூர் ஒத்துக்கொண்டாள். அ, ஆ, இ என்று எழுதினாள். கொஞ்சம் கோணல், ஆனால் எல்லாம் போக வேண்டிய பக்கம் போயிருந்தன.

"பாத்தீங்களா?" என்றாள் சைதுன்னிசா. "தமிழ் நேரா வருது. அவ சொன்ன மாதிரி மூளைக் கோளாறுன்னா இதும்ல திரும்போணும்?"

"ஆமா."

"தமிழ் யாரு சொல்லிக் குடுத்தது?"

"நீதான்."

"இங்கிலீஷ் யாரு சொல்லிக் குடுத்தது?"

அவன் சிலேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"எதுல எழுதப் பழக்குனீங்க? எடுத்துட்டு வாங்க, நான் பாக்கறேன்."

கீழே இறங்கிப் போய் எடுத்து வந்தான். எடுத்து வரும்போதுகூட அவனுக்குள் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நஜீமுதீனின் யூனிட்டில் அடிப்பது பனியனில் ஒட்டுகிற ஸ்டிக்கர். பிளாஸ்டிக் ஃபிலிமில் படம் அடித்து, மேலே பசைப் பவுடர் தூவிக் காய வைப்பார்கள். பனியன்மேல் கவிழ்த்துச் சூடு வைத்தால் படம் துணிக்கு மாறிவிடும். சில மாதங்களுக்கு முன் குழந்தைகள் பனியனுக்கு ஒரு ஆர்டர் வந்தது: ஏ முதல் இசட் வரை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மிருகம். அதில் கழித்துப் போட்ட ஃபிலிம்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கடையில் எழுத்துப் பழகுகிற புத்தகத்துக்குக் காசு கொடுக்கிற ஜனங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டே, தினமும் சாயங்காலம் ஒரு ஃபிலிமைச் செக்கிங் டேபிளில் விரித்து, மகளை ஸ்டூலில் ஏற்றி, விரலால் தடவச் சொல்லி, மேலே மார்க்கரால் எழுதச் சொன்னான். பவுடர் சொரசொரவென்று விரலுக்குத் தட்டுப்படும். பிள்ளைக்கு அது பிடித்துப்போனது. டிவியில் சொல்கிற 'தொட்டுணர்ந்து கற்கும் முறை' இதுதான் என்று அவனே அவன் முதுகில் தட்டிக்கொண்டான்.

சைதுன்னிசா ஃபிலிமை வாங்கினாள். பவுடர் பக்கம் மேலே இருந்தது. யூனிட்டில் ஃபிலிம் எப்போதும் அப்படித்தான் இருக்கும். பவுடர் பக்கத்தைக் கவிழ்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும், அதற்காகவே பலபேரை அவன் திட்டியிருக்கிறான்.

விரலால் ஒரு எழுத்தைத் தடவிப் பார்த்தாள். ஃபிலிமைத் திருப்பிப் போட்டாள்.

வழவழவென்ற பக்கத்தின் வழியாக எழுத்துகள் தெரிந்தன. பி-யின் வயிறு இந்தப் பக்கம் வந்தது. எஸ் நிமிர்ந்தது. கரடியும் யானையும் முகத்தை மாற்றிக்கொண்டு நின்றன.

பனியனில் கவிழ்த்து ஒட்டினால் நேராக விழ வேண்டும் என்பதற்காக, ஃபிலிமில் எழுத்தைத் திருப்பித்தான் அடிப்பார்கள். இதைத் தொழிலுக்கு வந்த முதல் நாளே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்புறம் இத்தனை வருஷமாக, திருப்பி அடித்ததையே சரியா தப்பா என்று படித்துப் படித்து, அவன் கண்ணுக்கு நேரும் திருப்பமும் ஒன்றாகிவிட்டன. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் பிள்ளைக்குப் பாடம் நடத்தியிருக்கிறான். பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. அவன் போட்டுக் கொடுத்ததை அப்படியே, அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறாள்.

"சீ!" என்றான். யாரைச் சொன்னான் என்று சைதுன்னிசா கேட்கவில்லை.

"ஓசியில கெடைக்குதுன்னா வெசத்தையும் தொட்டு நக்கறது" என்றாள் அவள். "இதுல அந்த அம்மா ஓதறதனாலம்பா, நீங்க பாதி வெலைக்கு எறக்குவீங்க. நல்ல சோடி."

அவன் எழுந்து போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினான். வெட்டுத் துணியில் ஒரு துண்டு எடுத்தான். மஹ்னூரைக் கூப்பிட்டான். வரமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எழுத வேண்டாம் கண்ணு. சும்மா பாரு."

எட்ட நின்றே பார்த்தாள். ஃபிலிமில் பி-யை வெட்டி எடுத்து, பவுடர் பக்கத்தைத் துணியில் கவிழ்த்து, மேலே தேய்த்தான். ஆறவிட்டு உரித்தான். துணியில் பி நின்றது, கரடியோடு.

மஹ்னூர் கதவை விட்டாள். துணியைப் பார்த்தாள், மீதி ஃபிலிமில் பவுடர் பக்கத்தைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள்.

"திரும்பிக்கிச்சு!"

"ஆமா. நீ இத்தன நாளா எழுதுனது பனியனுக்கு எழுதறது. மிஸ்ஸு கேக்கறது நோட்டுக்கு எழுதறது. அத்தாதான் உனக்குப் பக்கம் மாத்திச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"அப்ப நான் எழுதுனது தப்பில்லியா?"

"தப்பு அத்தாமேலதான்."

"அப்ப அத்தாதான் டேமேஜ்" என்றாள் மஹ்னூர்.

சைதுன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். சிரிப்புச் சத்தம் மட்டும் வெளியே வந்தது.

அன்று பகல் முழுக்க வீட்டில் எழுத்து வேலை நடந்தது. ஃபிலிமின் வழவழப்பு பக்கம் மேலே இருக்க, மஹ்னூர் அதன்மேல் எழுதினாள். அப்புறம் ஃபிலிமை மூடிவிட்டு நோட்டில் எழுதினாள். அவள் பெயர் அவளுக்குச் சாதகமாக இருந்தது. எம், ஏ, எச், ஓ எல்லாம் எந்தப் பக்கம் திருப்பினாலும் முகம் மாறாதவை. என்-னும் ஆர்-ரும்தான் காட்டிக்கொடுக்கிற ஆட்கள். அந்த இரண்டையும் அவள் பிடித்துக்கொண்டாள். நஜீமுதீன் சரிபார்க்க வாயைத் திறந்தபோதெல்லாம் சைதுன்னிசா தடுத்தாள். "நீங்க பேசாதீங்க. உங்க கண்ணுக்கு எல்லாமே சரியாத்தான் இருக்கும்."

திங்கட்கிழமை காலை எச்.எம். அறையில் அனுப்ரியா மேடமும் இருந்தார். மேஜைமேல் சென்டரின் ரசீதுக் கட்டு தயாராக இருந்தது. நஜீமுதீன் ஃபிலிமை எடுத்து வைத்து, திருப்பிக் காட்டி, விஷயத்தைச் சொன்னான். வெட்கத்தோடுதான் சொன்னான், ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை.

எச்.எம். அம்மாள் ஃபிலிமை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டார். அனுப்ரியா மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசிக்கோடு இல்லை என்று நிரூபித்துவிட்டால் வெளியூர் வியாபாரிக்கு ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"பேரண்ட்ஸுக்கு அவேர்னெஸ் இல்லீங்க மேடம்" என்றார் எச்.எம்.மிடம். "இருந்தாலும் ஒரு அசெஸ்மெண்ட் பண்ணிடறது சேஃபு. வேற ஏதாவது இருந்தாலும் தெரிஞ்சிரும்."

ஊசிக்கோடு இல்லையென்றால் தையலில் இருக்கும். தையலில் இல்லையென்றால் சாயத்தில் இருக்கும். நஜீமுதீன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"பேரு எழுதும்மா" என்று எச்.எம். ஒரு தாளை நகர்த்தினார்.

மஹ்னூர் பென்சிலை எடுத்தாள். எழுதவில்லை. தாளைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நஜீமுதீன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான். பென்சில் எங்கேயாவது உருண்டு போய்விடுமோ என்று மேஜைக்கு அடியில்கூடப் பார்த்தான்.

"மிஸ்" என்றாள் மஹ்னூர். "பனியனுக்கு எழுதட்டுங்களா, நோட்டுக்கு எழுதட்டுங்களா?"

எச்.எம்.மின் அடக்கி வைத்த சிரிப்பு உடைந்தது. "ரெண்டுக்கும் எழுதேன் சாமி, பாக்கலாம்."

எழுதினாள். மேலே நோட்டுக்கு. கீழே பனியனுக்கு, வலதுபக்கம் ஆரம்பித்து, ஒரு கோடு பிசகாமல். எச்.எம். தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நஜீமுதீன் காதைத் தீட்டிக்கொண்டான். ஆனால் பெருமூச்சு வரவில்லை. பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். கீழ்வரி நேராகத் தெரிந்தது. "ஒண்ணாங் கிளாஸ் போலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

தாழ்வாரத்தில் அனுப்ரியா மேடம் பின்னாலேயே வந்தார். குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"சார், அந்த பேக்கேஜ்... உங்களுக்குன்னா இன்னும் கொறச்சுத் தர்றேன். ஹேண்ட்ரைட்டிங்குக்கு மட்டும்னு போட்டுக்கலாம்."

கேட்காமலே இறங்குகிற விலையைப் பற்றிக் காதர்பேட்டையில் பிறந்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"வேண்டாங்க மேடம்."

"அப்புறம் இந்த ஃபிலிம் மேட்டரெல்லாம் கிளாஸ் குரூப்புல போட வேண்டாங்க சார். மத்த பேரண்ட்ஸு தேவையில்லாம கன்ஃப்யூஸ் ஆவாங்க."

மல்லிகை ஸ்பிரே வாடை அவர் சேலையிலிருந்தும் வந்தது. நஜீமுதீன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

ஏசி அறை வாசல் பெஞ்சில் சென்னியப்பன். கையில் பணக் கவர். பக்கத்தில் முகிலன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. மரத்தில் இரண்டு அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள். மஹ்னூரும் போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நஜீமுதீன் குனிந்து, சத்தத்தைக் குறைத்தான். "அண்ணா, உள்ள போயி ரேட் பேசாதீங்க. பேசுனா பையன நாமளே டேமேஜ் பீஸுன்னு ஒத்துக்கிட்ட மாதிரிங்க. நான் அந்த அசிங்கத்தப் பண்ணிட்டு வந்து சொல்றேன். பையன் நல்ல பீஸுங்க. கூட்டிட்டு ஊட்டுக்குப் போங்க. ஊட்ல எதுல படிக்கறான், எப்படி எழுதறான்னு நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க."

சென்னியப்பன் கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவரும் குரலைத் தாழ்த்தினார்.

"அது சரிங்க பாய். நீங்க எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

நஜீமுதீன் அவர் முகத்தையே பார்த்தான். அதில் கள்ளமில்லை. முந்தாநாள் அவன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்குள் தன் ஏசி அறைக்குத் திரும்பிவிட்ட மேடம், உள்ளேயிருந்து முகிலனின் பெயரைக் கூப்பிட்டார். சென்னியப்பன் மகனை ஜன்னலிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போனார். கதவு மூடுவதற்குள், ஏசிக் குளிரோடு அந்த வாடையும் ஒரு வீச்சு வெளியே வந்தது. அதற்குப் பின்னால், நீளமாக ஒரு பெருமூச்சு.

நஜீமுதீன் கேட்டுக்கு வெளியே வந்து, சாக்கடையோரம் நின்று துப்பினான்.